டபுள்காரர்

டெக்ஸஸ் பக்கம் போனால் இவரைப் பார்க்கலாம். அறுபதை ஒட்டிய வயது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது, உப்பைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்காவை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார். இருந்தாலும் பாய்ந்து வரும் காட்டெருமையை எங்கே சுட வேண்டும் என்று வாயைக் கிளறிவிட்டால் விடியும்வரை சொல்வார். கையில் பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்று இல்லை என்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே குறை. அதை ரைஃபிள் என்றுகூடச் சொல்ல மாட்டார். ‘டபுள்’ என்பார்.

புதிதாகவே வாங்கலாமே என்று கேட்டுவிடாதீர்கள். லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிடமோ பர்டியிடமோ சொல்லிச் செய்தால் மறுபடி கடனில் முதல் தவணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜெர்மனியின் ஹைம், கிரீகாஃப் எல்லாம் விலை குறைவு. ஆனால் அவற்றுக்குப் பூர்வாசிரமம் கிடையாதே! 1909-இல் தியடோர் ரூஸ்வெல்ட் ஹாலண்ட் டபுளோடு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியதும், ஹெமிங்வே .577 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் வைத்திருந்ததும், ஜிம் கார்பெட்டிடம் .450/400 ஜெஃப்ரி இருந்ததும் இவருக்கு மனப்பாடம். சொந்த மைத்துனரின் பிறந்தநாள்தான் மறந்துபோகும்.

விற்பவர் இதையெல்லாம் அறியாதவரா? அவரிடம் வருகிற டபுள் எப்படியும் ஏதோ ஒரு மகாராஜாவுடையதாகத்தான் இருக்கும். எந்த மகாராஜா என்று கேட்டால், குடும்பத்தார் பெயரை வெளியே சொல்ல விரும்பவில்லை. குழலுக்குள் துரு அரித்திருந்தால் இந்திய மழைக்காலம். கட்டையில் கீறல் இருந்தால் சிறுத்தை.

ஜாதகம் பார்க்கும் வழியும் உண்டு. துப்பாக்கியின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பெரிய கம்பெனிகள் பழைய பேரேட்டைப் புரட்டி எந்த வருஷம், யாருக்குச் செய்தது என்று எழுதி அனுப்பும். பதில் வந்தது. மகாராஜா இல்லை, ரங்கூன் மரவியாபாரி ஒருவர். டபுள்காரர் அசரவில்லை. “மரவியாபாரிகள் யானைகளோடேயே வாழ்ந்தவர்களாயிற்றே!”

அடுத்தது பரிசோதனை. குழல்களைக் கழற்றி ஒரு விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்ட வேண்டும். கணீரென்றால் இரண்டையும் சேர்த்த பற்று உறுதி; மொத்தென்றால் எங்கோ விட்டிருக்கிறது. தட்டினார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். இளமை முழுக்கக் காதை மூடாமல் சுட்டவர் என்ன கேட்டாரோ, தெரியாது.

குழலின் அடியில் ‘கார்டைட் 75–500’ என்று பொறித்திருந்தது. 75 கிரெயின் கார்டைட் மருந்து, 500 கிரெயின் குண்டு, அதுதான் உச்சம். விஷயம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. வலது குழல் வெடிக்கும்போது துப்பாக்கி எகிறி வலப்பக்கம் திரும்பும். இடது குழல் இடப்பக்கம். அதனால் இரண்டையும் நேர் இணையாக வைக்காமல், முனையில் சற்று நெருங்கும்படி பற்றவைப்பார்கள். தொழிலாளி சுட்டுப் பார்ப்பார், பற்றை இளக்கி ஆப்பை நகர்த்துவார், மறுபடி சுடுவார். இரண்டு குண்டும் அருகருகே விழும்வரை இதே வேலை. அந்த ஒற்றுமை அந்த மருந்துக்கு மட்டும்தான். மருந்து மாறினால் குண்டுகள் ஆளுக்கொரு திசையில் போகும். கார்டைட்டின் காலமோ எப்போதோ மலையேறிவிட்டது. ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டியது, “இப்போது எந்த மருந்தில் சேர்ந்து சுடுகிறது? சுட்டுப் பார்த்த அட்டை எங்கே?” என்பதுதான்.

நம்மவர் கேட்டது: “தோல் பெட்டி உண்டா?”

உண்டு. உடனே விலை படிந்தது. காசோலை எழுதும்போது, கலகக்காரர்களின் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களுக்குப் பயன்பட்டுவிடுமோ என்று பயந்து ஆங்கிலேய அரசு 1907-இல் இந்தியாவுக்குள் .450 தோட்டாக்களைத் தடை செய்ததையும், தான் வாங்கும் இந்த .470 அப்படித்தான் ஓங்கியதையும் விற்பவருக்கு விளக்கினார். விற்பவரும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். தொழில் தெரிந்தவர்.

ஒரு .470 தோட்டாவின் விலையில் ஒரு வேளை நன்றாகச் சாப்பிடலாம். அதனால் சுடுதளத்தில் நான்கோடு நிறுத்திக்கொண்டார். தோள்பட்டையும் அதையே சிபாரிசு செய்தது.

ஆப்பிரிக்கா ‘அடுத்த வருஷம்’. அதுவரை உள்ளூர்க் காட்டுப்பன்றி. நண்பர்கள் சூழ, மக்காச்சோளம் இறைத்த இடத்தில் காத்திருந்தார். பன்றி வந்தது. வலது குழலுக்கான முன்விசையை இழுத்தார், ஓரடி தள்ளி மண் கிளம்பியது. போகட்டும், கண்ணிமைப்பதற்குள் இரண்டாவது வெடி என்பதற்குத்தானே டபுள்! ஆனால் ஆயுள் முழுக்க ஒற்றை விசையில் பழகிய விரல் மறுபடி முன்விசையையே இழுத்தது. வெடிக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தது. இடது குழலுக்கான பின்விசை தீண்டுவாரில்லாமல் இருந்தது. பன்றி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போயிற்று.

அன்றிரவு விருந்தில் டபுள் எப்படி என்று ஒருவர் விசாரித்தார்.

“வலது குழல் கொஞ்சம் பழக வேண்டும்,” என்றார் டபுள்காரர். “இடது குழலில் ஒரு குறையும் சொல்ல முடியாது.”