முடியலியல்: ஒரு சிற்றாராய்ச்சி

மனிதனுக்கு வரக்கூடிய நோய்கள் 4448 என்பது சித்தர் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியல் இதைப் பல மடங்கு தாண்டிப் போகிறது. இத்தனை பெரிய கையிருப்பை வைத்துக்கொண்டு மனிதன் மருத்துவரிடம் போய்ச் சொல்வது என்னவோ இரண்டுதான். ஒன்று, வலிக்குது. மற்றொன்று, முடியலை. மேற்படிப் பட்டியலிலும் இவற்றுக்கு இடம் உண்டு: நாட்பட்ட வலிக்கு எம்ஜி30, அசதிக்கு எம்ஜி22. இரண்டையும் சேர்த்து ஆராயும் துறைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. ஆராய்ச்சியின் வசதிக்காக 'முடியலியல்' என்று வைத்துக்கொள்வோம்.

இத்துறையின் முதல் விதி பொதுமை. டெங்கு, காசநோய், மஞ்சள்காமாலை, சர்க்கரை, தைராய்டு குறைவு, இரத்தசோகை, முடக்குவாதம், இதயச் செயலிழப்பு, புற்றுநோய், மனச்சோர்வு என்று எதை எடுத்தாலும் வலியும் அசதியும், இரண்டுமோ ஒன்றோ, அங்கே இருக்கும். எல்லாக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் உண்டல்லவா? மாப்பிள்ளை வீட்டார் அவர்களைப் பெண் வீட்டுச் சொந்தம் என்பார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சித்தப்பா என்பார்கள். அவர்களை வைத்து இது யார் வீட்டுக் கல்யாணம் என்று கண்டுபிடிக்க முடியாது. எங்கும் இருப்பதே இவ்விரு குறிகளின் குற்றம். அந்தக் குற்றத்துக்குத் தண்டனை நோயாளிக்கு.

இவ்விரண்டும் இப்படியிருக்க, காய்ச்சல் மட்டும் எப்படி முன்னேறியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவும் ஒரு காலத்தில் நெற்றியில் புறங்கை வைத்துப் பார்க்கும் சாதாரணக் குறிதான். லைப்சிக் நகரத்து மருத்துவர் வுண்டர்லிஷ் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் வெப்பத்தை அளந்து 1868இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குச் சற்று முன்பே இங்கிலாந்தில் ஆல்பட் என்பவர் சட்டைப் பைக்குள் அடங்கும் வெப்பமானி ஒன்றைச் செய்திருந்தார். அன்றிலிருந்து காய்ச்சலுக்கு எண் கிடைத்தது. எண் கிடைத்ததால் மரியாதை கிடைத்தது. நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக எழுதப்படும் விடுப்புக் கடிதத்தில் காய்ச்சலைத் தவிர வேறு நோயே வந்ததில்லை. இடுப்புவலி என்றோ, உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது என்றோ எழுதிய மாணவனை நான் அறியேன். எழுதியிருந்தால் அவன் அன்று மாலை தலைமையாசிரியர் அறையில் இருந்திருப்பான்.

ஆகவே, வலிக்கும் ஒரு வெப்பமானி வேண்டும் என்று அறிஞர் கருதியது இயல்பே. நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களான ஹார்டி, உல்ஃப், குடெல் மூவரும் 1940 வாக்கில் இந்தப் பணியைத் தொடங்கினார்கள். முறை எளிது. நெற்றியில் கறுப்பு மை பூச வேண்டும். சக்திவாய்ந்த விளக்கொளியை லென்ஸ் வழியாக அந்த இடத்தில் மூன்று விநாடி குவிக்க வேண்டும். 'சுருக்' என்றதும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியாளர் மூவரும் தங்கள் நெற்றியையே முதலில் கொடுத்தார்கள் என்பதை இங்கே மரியாதையுடன் பதிவு செய்கிறேன். இக்காலத்தில் இது அரிது. தொடக்க வலியிலிருந்து, இதற்கு மேல் சூடு கூட்டினாலும் வலி கூடாது என்ற எல்லைவரை, மனிதனால் பிரித்துணரக்கூடிய படிகள் 21 என்று கண்டார்கள். இரண்டு படி சேர்ந்தது ஒரு 'டால்'. ஆக, மனித குலம் அடையக்கூடிய அதிகபட்ச வலி பத்தரை டால்.

அலகு கிடைத்துவிட்டால் எதையாவது அளந்தாக வேண்டும். பிரசவ வலியை அளந்தார்கள். வலி வந்துபோகும் இடைவெளியில் அந்தப் பெண்களின் கையில் சூடு வைத்து, 'இப்போது வந்த வலி இந்த அளவு இருந்ததா, கூடவா, குறைவா?' என்று கேட்டார்கள். ஒரு பெண் பத்தரை டால்வரை போனார். அவர் கையில் தீக்காயம் மிஞ்சியது. பிரசவம் வலிக்கும் என்பது இவ்வாறு அறிவியல்பூர்வமாக நிறுவப்பட்டது.

டால் நெடுநாள் நீடிக்கவில்லை. வேறு ஆய்வகங்களில் அதே விடை வரவில்லை என்பது ஒரு காரணம். பீச்சர் என்ற மயக்கவியல் மருத்துவர் இன்னொரு காரணம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் அவர் பார்த்த சிப்பாய்கள் எலும்பு முறிந்தும் வயிறு கிழிந்தும் கிடந்தார்கள். வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். காயம் பெரிதாக இருந்தால் வலியும் பெரிதாக இருக்கும் என்ற நெடுநாள் கணக்கு அங்கே உடைந்தது. குண்டடிபட்ட சிப்பாய்க்கு அந்தக் காயம் வீட்டுக்குப் போவதற்கான சீட்டு. அவன் நிம்மதியாகப் படுத்திருந்தான் என்பது பீச்சரின் விளக்கம். கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் கழுத்துவலி வரும் அலுவலகத்தாரின் காயம் எங்கே என்று கேட்பவர்கள் இந்தச் செய்தியைத் திருப்பிப் போட்டு யோசிக்கலாம்.

சூட்டில் தோற்ற விஞ்ஞானம் அடுத்ததாகச் சொல்லிடம் போனது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் 1975இல் நோயாளிகள் வலியைச் சொல்லும் வார்த்தைகளை 78 ஆகத் திரட்டி, 20 கூட்டங்களாகப் பிரித்து, ஒரு வினாத்தாள் ஆக்கினார். நல்ல முயற்சி. நம் நோயாளிக்கு வினாத்தாள் தேவைப்படுவதில்லை. 'இங்க சுருக்குன்னு ஆரம்பிச்சு, அப்படியே ஒரு இழுப்பா இழுத்துகிட்டு வந்து, முட்டிகிட்ட நின்னு குடையுது டாக்டர். ராத்திரியில விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், விடிஞ்சா ஒரு கடுப்பு மட்டும் இருக்கும்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். குறுக்கே புகாமல் கேட்டால் பாதி நோயறிதல் இதிலேயே இருக்கிறது: நரம்பு வழியே ஓடுவது, இரவில் கூடுவது, காலையில் மாறுவது. மருத்துவர் இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சீட்டில் 'லெக் பெயின்' என்று எழுதுகிறார். வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது அவரைக் குறை சொல்வது அறமாகாது.

வலியின் முகவரி பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்த வீட்டிலேயே தங்கும் வலி குறைவு. பித்தப்பை புண்ணானால் வலது தோள் வலிக்கலாம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, தோளுக்கும் அங்கிருந்தே உணர்வு போகிறது, மூளை முகவரியைக் குழப்பிக்கொள்கிறது. இடுப்பு மூட்டு தேய்ந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் அது குற்றமற்றதாகத் தெரியும். குடல்வால் அழற்சி தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பிறகே வலப்பக்கம் இறங்கும். இதயமோ இடது கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று எங்கு வேண்டுமானாலும் ஆளனுப்பும். மேல்வயிற்றுக்கு அனுப்பினால் நம் வீடுகளில் அதற்கு 'வாயுப் பிடிப்பு' என்று பெயர் சூட்டி, ஓமத்திரவமும் கோலி சோடாவும் கொடுத்துப் படுக்க வைப்பது மரபு. இந்த மரபில் சிலர் எழுந்திருக்கவில்லை. நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மழுங்கியிருப்பதால் மாரடைப்பு வலியே இல்லாமல் வரக்கூடும். திடீர் அசதியும் மூச்சுவாங்கலும் வியர்வையும்தான் அறிகுறி. வலி வர வேண்டிய இடத்துக்கு அசதி பதிலாளாக வந்து நிற்கிறது. இவ்விரண்டையும் ஒரே துறையில் சேர்த்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இருக்கிற உறுப்புகளோடு விஷயம் முடிவதுமில்லை. வெட்டி எடுக்கப்பட்ட கையின் உள்ளங்கையில் நகம் பதிந்து வலிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் இவர்களுக்குக் கொடுத்தது மருந்தல்ல, ஒரு கண்ணாடி. இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து, விரலை மெல்ல விரிக்கச் சொன்னார். சிலருக்கு இல்லாத கையின் இறுக்கம் தளர்ந்தது. 'எல்லாம் மனசுதான்' என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இதைச் சான்றாகக் காட்டுவார்கள். மூளை உடம்பின் ஓர் உறுப்பு என்பதை அவர்கள் எங்கோ தவறவிட்டிருக்கிறார்கள்.

இனி அசதி. டூரின் நகரத்து உடலியலாளர் ஆஞ்சலோ மோஸ்ஸோ, கையை ஒரு சட்டத்தில் கட்டி, நடுவிரலால் மட்டும் எடைக்கல்லைத் திரும்பத் திரும்பத் தூக்க வைக்கும் கருவியைச் செய்து, 1891இல் அசதி பற்றி ஒரு முழு நூலே எழுதினார். மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த சக ஆசிரியர் மஜ்ஜோராவின் விரல், தேர்வுக்கு முன் தூக்கிய அளவு தூக்கவில்லை என்று அதில் வரைபடத்தோடு காட்டுகிறார். உட்கார்ந்து செய்யும் வேலையும் உடம்பைச் சோரவைக்கும் என்பதற்கு நல்ல சான்று. பிறகு சுவீடனில் குன்னர் போர்க் ஒரு அளவுகோல் தந்தார். அது 6இல் தொடங்கி 20இல் முடியும். ஏன் 6 என்றால், பத்தால் பெருக்கினால் உத்தேச நாடித்துடிப்பு வர வேண்டுமாம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கே ஆறு மதிப்பெண் வழங்கும் இந்தத் தாராளம் வேறு எந்தத் தேர்வு முறையிலும் கிடையாது.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் இங்கே பொருந்தும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இரத்தசோகையின் முதல் அறிகுறிகளில் ஒன்று அசதி. அதாவது பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ஓரளவு களைப்போடுதான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். பாதிக்கு மேல் இருப்பதே வழக்கம் ஆகிவிடுவதால், 'வேலை செஞ்சா அலுப்பு இருக்கத்தானே செய்யும்' என்ற மருத்துவக் கருத்து வீட்டிலேயே இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மிச்சம்.

பரிசோதனைக்குப் போனவர்களின் கதை வேறு. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஈ.எஸ்.ஆர்., பி12 எல்லாம் பார்த்து, 'எல்லாம் நார்மல்' என்று தாள் வரும். வந்த தாளைப் பார்த்து முகம் வாடுகிற நோயாளியைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அவர் நோய்க்கு ஆசைப்படவில்லை. ஒரு சாட்சிக்கு ஆசைப்பட்டார். நார்மல் என்பதற்கு, கேட்ட கேள்விகளுக்கு இரத்தம் 'இல்லை' என்றது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது.

சாட்சி இல்லாதவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை நல்ல எடுத்துக்காட்டு. 1955இல் அங்கே பணியாளர்கள் ஏறத்தாழ 300 பேர் வலியும் தளர்ச்சியுமாய் விழுந்தார்கள்; மருத்துவமனையையே சில மாதம் மூட வேண்டியிருந்தது. விழுந்தவர்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் அடக்கம் என்பதால், நோயாளிக்கு விஷயம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பதினைந்து ஆண்டு கழித்து, 1970இல், மனநல மருத்துவர்கள் இருவர் பழைய குறிப்பேடுகளைப் படித்து, நோயாளி எவரையும் பார்க்காமலே, இது ஹிஸ்டீரியா என்று தீர்ப்பெழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய ஆதாரங்களில் ஒன்று. இத்தகைய நாட்பட்ட அசதி நோயில், சிறிது உழைத்தாலும் மறுநாள் உடம்பு படுத்துவிடும் என்பதே மையக் குறி என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல்தான் எழுதியது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுங்கள் என்று அதுவரை சொல்லிவந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல் 2021இல் அந்த வரியை எடுத்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சொன்னபடி கேட்டு நடந்த நோயாளிகளே அதிகம் விழுந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஃபைப்ரோமயால்ஜியா என்ற தசைவலி நோய்க்கு 1990இல் வகுத்த இலக்கணம் இன்னும் துல்லியமானது. உடம்பில் குறித்த 18 இடங்களில் நான்கு கிலோ அழுத்தம் கொடுக்க வேண்டும். அதாவது அழுத்துபவரின் கட்டைவிரல் நகம் வெளுக்க வேண்டும். 11 இடத்தில் வலித்தால் நோய் உண்டு. பத்து இடத்தில் வலித்தால் எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். இருபது ஆண்டுகள் உலகமெங்கும் நகங்கள் வெளுத்த பிறகு, 2010இல் இந்த முறையைக் கைவிட்டு, எங்கெங்கே வலிக்கிறது, எவ்வளவு அசதி என்று நோயாளியிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கமும் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு சேர்த்தது. விளக்கு, லென்ஸ், கறுப்பு மை, எடைக்கல், கட்டைவிரல் எல்லாவற்றையும் கடந்து எட்டிய இடம் இது.

இன்று நடைமுறையில் உள்ள கருவி ஒரு கேள்வி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை? சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைப்பவர் மூன்று என்பார். மருமகன் பக்கத்தில் நின்றால் மாமனார் இரண்டு என்பார், அவர் வெளியே போனதும் எட்டு என்பார். மூட்டுவலிக்காரப் பாட்டி ஒருவர் மட்டும், கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, 'பாஸ் மார்க்கு எவ்வளவுப்பா?' என்று கேட்பார். கேள்வியில் தவறில்லை. மூன்றுவரை லேசு, நான்கு முதல் ஆறுவரை நடுத்தரம், ஏழும் அதற்கு மேலும் கடுமை என்பது பரவலாக வழங்கும் பிரிவு; மருந்தைக் கூட்டலாமா என்ற யோசனை பெரும்பாலும் நான்கில்தான் தொடங்குகிறது. நம் பள்ளிகளில் நூற்றுக்கு முப்பத்தைந்து. பாட்டிக்கு ஐந்து மதிப்பெண் கூடுதலாகத் தேவைப்படும்.