காலுக்குக் கிடைத்த மதுரைப் பட்டம்

மல்லிகைக்குப் புவிசார் குறியீடு வாங்க மதுரை மனுப் போட்டுக் காத்திருந்தது, 2013-ல்தான் கிடைத்தது. ஒரு நோய்க்கு மட்டும் மனுவே இல்லாமல் 1846-லேயே ஊர்ப்பெயர் வைத்துவிட்டார்கள்: 'மதுரா ஃபுட்.'

விஷயம் இதுதான். வெறுங்காலில் வயலுக்குப் போகிறவருக்கு முள் குத்தும். சீமைக்கருவேலம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. நாட்டுக் கருவேலமே தாராளமாகப் போதும். முள்ளோடு மண்ணில் கிடந்த கிருமியும் உள்ளே போய்க் குடித்தனம் நடத்தும். பாதம் வீங்கும், புரைகள் திறக்கும், கடுகு மாதிரி மணிகள் கொட்டும். வலி அவ்வளவாக இருக்காது என்பதால் சம்சாரி அறுவடையை முடித்து, மகள் கல்யாணத்தையும் முடித்துவிட்டு ஆற அமர வருவார். அதற்குள் எலும்பு அரித்திருக்கும். அன்றைய வைத்தியம் ரம்பம்தான்.

1842-ல் மதுரை டிஸ்பென்சரியில் இதைக் கண்டு எழுதியவர் கில். நாலு வருஷம் கழித்துப் பெயர் கொடுத்தவர் கோல்புரூக். நோயாளி எந்த ஊரோ, பழி டிஸ்பென்சரி இருந்த ஊருக்கு!

அடுத்து வருகிறார் பம்பாய் கிரான்ட் மருத்துவக் கல்லூரியின் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1858-ல் வந்த கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்தவர் இவர்தான். கிரே ராயல்டி வாங்கினார். கார்ட்டருக்கு மொத்தமாக 150 பவுண்டு. வயிற்றெரிச்சலை மைக்ராஸ்கோப்பில் காட்டினாரோ என்னவோ, வெட்டிய கால்களைத் துருவித் துருவிப் பார்த்து, இது பூஞ்சைதான் என்று அடித்துச் சொன்னார், 'மைசெட்டோமா' என்று பெயரும் வைத்தார்.

அங்கேதான் ஒரு கூத்து. ஜாடியில் போட்டு வைத்த காலில் இளஞ்சிவப்பாகப் பூஞ்சணம் பூத்தது. குற்றவாளி சிக்கிவிட்டான் என்று சீமையில் பெர்க்லி என்ற நிபுணர் அதற்குக் கார்ட்டர் பெயரையே சூட்டிக் கௌரவித்தார். ஊறப் போட்ட எதிலும் பூஞ்சணம் வரும் என்று எந்த ஆச்சியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அது வழிப்போக்கன். கல்கத்தாவில் லூயிசும் கன்னிங்காமும் 1875-ல் பூஞ்சைக் கதையையே மறுத்தார்கள். இவர்களில் அடிப்படையைச் சரியாகப் பிடித்தவர் கார்ட்டர்தான்.

இன்றைக்கு மதுரை கே.கே. நகரில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு லேப் வாசலில்தான் விழ வேண்டும். சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிப் பார்த்தால் முழுக் கலவரமும் தெரியும். நடுவில் மணி, சுற்றிலும் கெரோ செய்யும் வெள்ளணுக்கள், அதற்கு வெளியே விழுங்கணுக்களும், பல உட்கருக்கள் கொண்ட ராட்சத அணுக்களும், ஓரத்தில் தழும்புத் திசு, அதற்குள் புதிதாக முளைத்த நுண் ரத்தக்குழாய்கள். படைக்குச் சோறு போக வழி வேண்டாமா?

மணிக்குள் இருப்பது பூஞ்சையா பாக்டீரியாவா என்பதில்தான் கால் தப்புவது இருக்கிறது. பாக்டீரியா ஆன்டிபயாடிக்குக்குப் பெரும்பாலும் மசியும். பூஞ்சை மாதக்கணக்கில் மாத்திரை தின்றும் சில நேரம் கத்தியைக் கேட்கும்.

பூஞ்சையில் ஒன்றுக்கு 'மதுரெல்லா' என்று பேர். பாக்டீரியா ஒன்றை 1894-ல் வின்சென்ட் கண்டது அல்ஜீரியா நோயாளியிடம். அதற்கும் 'மதுரே' என்றார். 1970-ல் முன்பாதியையும் மாற்றி 'ஆக்டினோமதுரா மதுரே' ஆக்கிவிட்டார்கள். ஒரே கிருமிக்கு இரண்டு தடவை மதுரை! நோய் அதிகம் வாட்டுவதோ சூடானையும் மெக்ஸிகோவையும். அந்த ஊர்க்காரர்கள் பங்கு கேட்டு இதுவரை வழக்குப் போடவில்லை.