மலிவுச் செடிவிளக்கு: தெரிவும் தொலைவும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில், சோபாவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே எஞ்சிய ஒன்றரை அடி இடத்தில் குடியமர்த்தப்பட்டு, வாரத்துக்கு ஓர் இலை வீதம் மஞ்சளித்துக்கொண்டிருக்கும் தொட்டிச்செடிக்கு, மாதச் செலவில் துண்டு விழாத வகையில் ஓர் எல்இடி விளக்கைத் தேர்ந்து மாட்டுவது எப்படி என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட பொருள். செடிவிளக்கு என்பது சூரியன் எட்டிப்பார்க்காத இடத்தில் அதற்குப் பதிலாளாக அமர்த்தப்படும் மின்விளக்கு. சந்தை வழக்கில் க்ரோ லைட் எனப்படும். ‘மலிவு’ என்னும் அடை வரையறைக்கு எளிதில் அகப்படுவதன்று. கடையில் கொடுத்த விலைக்கும் வீட்டில் சொன்ன விலைக்கும் இடையே எப்போதும் ஒரு வேறுபாடு காணப்படுவதால், வீட்டில் சொல்லத் துணியும் விலையே இங்கு மலிவு எனக் கொள்ளப்பட்டது.

செடிக்கு விளக்கு வைப்பது தமிழர்க்குப் புதிதன்று என்றும், மாலைதோறும் துளசி மாடத்தில் ஏற்றப்படும் அகலே முதற் செடிவிளக்கு என்றும் ஒரு சாரார் வாதிடக்கூடும். கேட்க இனிதாயினும் இவ்வாதம் அளவைக்கு முன் நில்லாது. ஒரு திரிச் சுடரின் ஒளி ஏறத்தாழ ஒரு மெழுகுவத்தியின் ஒளிக்கு நிகரானது. அதை ஓரடித் தொலைவில் வைத்தால் இலைமேல் விழுவது சுமார் 10 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை மனிதக் கண்ணின் உணர்வுக்கு ஏற்ப அளக்கும் அலகு. உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸை எட்டுவது. எனவே அகலை மட்டும் நம்பி வெயிலுக்கு ஈடு செய்ய முனைபவர் பத்தாயிரம் அகல்களுக்கு எண்ணெய் வார்க்க நேரும், அதற்குள் துளசி வதங்கிவிடும். அஃதன்றியும், மாடம் முற்றத்தில் இருந்தது. பகல் முழுதும் வெயிலுண்டு வயிறு நிறைந்த செடிக்கே மாலையில் விளக்கு வைக்கப்பட்டது. துளசி ஹாலுக்குள் குடிபெயர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கிற்று என்க.

“இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, இந்த வெளிச்சம் போதாதா?” என்பது வீட்டுப் பெரியவர்கள் எழுப்பும் வினா. மனிதக் கண் மங்கலுக்கும் பளிச்சுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும் இயல்பினது ஆதலால், இவ்விடயத்தில் அதைப் போல் பொய்ச்சாட்சி வேறில்லை. ஜன்னலிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, நண்பகலில் செய்தித்தாள் சுகமாகப் படிக்கக்கூடிய இடத்தில் கைபேசியின் லக்ஸ் செயலியை ஓடவிட்டு, கைபேசியை இலையின் உயரத்தில் முகம் மேல்நோக்கி வைத்துப் பார்த்தால், எண் பெரும்பாலும் 100க்கும் 300க்கும் இடையில் நின்றுவிடுவதைக் காணலாம். செய்தித்தாளுக்கு அது விருந்து, செடிக்குப் பட்டினி. இலைகள் ஒளியில் மட்டுமே உயிர்வளியை விடுகின்றன என்பதை 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் காட்டினார். செடியின் சமையலுக்கு ஒளியே அடுப்பு என்பது அன்று முதல் ஐயத்துக்கு இடமற்றது. அச்சமையலில் எரியும் ஒளியை எண்ண லக்ஸ் உதவாது என்பதால், பயிரியலார் ஒளித்துகள்களையே எண்ணி மைக்ரோமோல் என்னும் அலகைக் கையாள்வர். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் துகள்களே கணக்கு. வெள்ளை எல்இடி ஒளியில் அளந்த லக்ஸை 70ஆல் வகுத்தால் வீட்டுக்குப் போதிய துல்லியத்தில் மைக்ரோமோல் கிடைக்கும். ஹாலின் 200 லக்ஸ், பகல் வெளிச்சமாதலின் வகுக்கும் எண் சற்றுக் குறைந்தாலும், நான்கு மைக்ரோமோலுக்கும் குறைவு என்று தெரிய வரும்போது, செடி இத்தனை மாதம் உயிரோடு இருந்ததே வியப்பாகத் தோன்றும்.

விளக்கு வாங்குவோர் இரு பெரும் சமயத்தாராகப் பிரிந்து நிற்கின்றனர். வண்ணவாதிகள் ஒரு சாரார். வாட்வாதிகள் மறு சாரார். மூன்றாவதான தொலைவுவாதிகள் எண்ணிக்கையில் மிகச் சிறியவர்; அவர்கள் விற்பதற்கு ஒரு பொருளும் வைத்திருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

வண்ணவாதிகளின் கொள்கைக்கு மூலம் 1882இல் ஜெர்மானியரான எங்கல்மன் செய்த சோதனை. பாசியிழை ஒன்றின்மேல் வானவில்லின் நிறங்களை விழச்செய்து, உயிர்வளியை நாடும் நுண்ணுயிர்கள் எங்கே திரள்கின்றன என்று நோக்கியபோது, அவை சிவப்பு, நீலம் ஆகிய இரு பகுதிகளில் மொய்த்தன. இதிலிருந்து செடிக்குச் சிவப்பும் நீலமும் போதும் என்றொரு முடிவு பிறந்து, அம்முடிவிலிருந்து கத்தரிப்பூ நிற ஒளி பொழியும் விளக்குகள் பிறந்தன. ஆனால் 1972இல் மெக்ரீ என்பார் 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறத்திலும் அளந்து வெளியிட்ட முடிவில், பச்சை ஒளியும் கணிசமாகவே பயன்படுகிறது என்பது தெளிவாயிற்று. இலை பச்சையாகத் தெரிவது அது பச்சையைச் சற்றே திருப்பியனுப்புவதால்தானே ஒழிய, முழுவதையும் மறுப்பதால் அன்று. இன்னும் ஒன்று. வெள்ளை எல்இடி என்பதே ஒரு நீலச் சில்லின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு தடவிய ஏற்பாடு. அந்நீலச் சில்லைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் வழங்கப்பட்டது. எனவே மளிகைக் கடையில் தொங்கும் வெள்ளை பல்பிலும் நீலம் உண்டு, பச்சை உண்டு, சிவப்பும் உண்டு. செடி அதனைத் தள்ளிவைப்பதில்லை. பெட்டிமேல் அச்சாகும் ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’ என்னும் தொடர் எல்லா நிறமும் இருக்கிறது என்கிறதே தவிர எந்த நிறம் எவ்வளவு என்று சொல்வதில்லை. ஆகவே அதனை மங்கல வாழ்த்தாகக் கொண்டு கடந்துசெல்லலாம். கத்தரிப்பூ விளக்கின் சமூக விளைவுகளும் ஆராயத் தக்கன. அவ்வொளியில் சாம்பார் கறுப்பாகவும், விருந்தினர் நோயுற்றவராகவும் தெரிவர். எதிர் பிளாக்கில் இருப்போர், அந்த ஜன்னலுக்குள் இரவு பதினொரு மணிக்கு என்னதான் நடக்கிறது என்று அசோசியேஷன் செயலாளரிடம் விசாரிப்பர்.

வாட்வாதிகளின் நிலை இதனினும் இரங்கத் தக்கது. வாட் என்பது விளக்கு மின்கம்பியிலிருந்து நொடிக்கு எடுத்துக்கொள்ளும் ஆற்றலின் அளவு; கொடுக்கும் ஒளியின் அளவன்று. இந்த வேறுபாட்டில்தான் வணிகம் வாழ்கிறது. ‘1000 வாட்’ என்று பெரிய எழுத்தில் பெயரிடப்பட்ட மலிவு விளக்கு, பெட்டியின் பின்பக்கச் சிற்றெழுத்தில் 100 வாட்டையோ அதற்கும் குறைவானதையோ ஒப்புக்கொள்வது அரிதன்று. பெயர், பழைய வகை விளக்கு ஒன்றுக்கு ‘ஈடானது’ என்று விற்பவர் கருதிய எண்ணைக் குறிக்கும். பெயரில் இருக்கும் ஆயிரத்தைச் செடி உண்பதில்லை.

உண்மை வாட்டை அறிய, காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. டிஜிட்டல் மின்மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பதும் அருகிலேயே அச்சாகியிருக்கும். அவ்வெண் 3200 எனக் கொண்டால், மெய்யாகவே 1000 வாட் இழுக்கும் கருவி அப்பொட்டை ஏறக்குறைய நொடிக்கொரு முறை மினுக்கவைக்க வேண்டும். 45 வாட் இழுப்பது 25 நொடிக்கு ஒரு முறைதான் மினுக்கவைக்கும். சோதனையின் நிபந்தனை, வீட்டிலுள்ள பிற அனைத்தும் அணைந்திருத்தல். மீட்டர் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருப்பதாலும், வீடு மூன்றாம் மாடியில் இருப்பதாலும், ஒருவர் மேலே ஃபிரிட்ஜின் சுவிட்சருகிலும் மற்றொருவர் கீழே வாட்ச்மேனின் கேள்விகளுக்கு நடுவிலும் நின்று, கைபேசியில் பேசிக்கொண்டே இதனை நடத்த வேண்டியுள்ளது. சித்திரை மாதத்தில் ஃபேன் இல்லாமல் ஒரு குடும்பம் பொறுத்திருக்கும் நேரம் சோதனையின் மேல் எல்லையை நிர்ணயிப்பதால், குளிர்ந்த மாதங்களில் செய்வதே முறையாகும். மினுக்கு வரவில்லையே என்று பொட்டை உற்று நோக்கியபடி நிற்கும் அந்த 25 நொடி, வாட்வாதி ஒருவர் மதம் மாறுவதற்குப் பெரும்பாலும் போதுமானது.

இனித் தொலைவு. சிறு விளக்கிலிருந்து பரவும் ஒளி, தொலைவு இரு மடங்கானால் நான்கில் ஒன்றாகவும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகவும் குறையும். செடிக்கு ஓரடி மேலே தொங்க வேண்டிய பல்பு, ஒன்பதடி மேலே கூரை ஹோல்டரில் மாட்டப்பட்டால், அங்கிருந்து நேராக இலைக்கு வந்து சேர்வது 81இல் ஒரு பங்கு. இதனை ஈடு செய்ய எந்த விலை விளக்காலும் ஆகாது. கயிறும் ஆணியும் செய்யும் வேலையைக் கூடுதல் பணம் செய்யாது. மலிவுச் செடிவிளக்குத் தெரிவின் மெய்ப்பொருள் இதுவே: விளக்கைத் தேர்வதற்கு முன் அது தொங்கப்போகும் உயரத்தைத் தேர்க. இவ்வளவு எளிய உண்மை நடைமுறைக்கு வாராமைக்குக் காரணம் இயற்பியலன்று, இல்லறம். ஹாலின் நடுவே, நடப்பவர் நெற்றிக்கு நேராக, ஒயரோடு ஒரு பல்பு தொங்குவதை இல்லத்தரசி ஏற்பதில்லை. ஏற்கக்கூடிய உயரத்துக்கு அது ஏற்றப்பட்டபின் செடி ஏற்பதில்லை. பழைய இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். செடிவிளக்குக்கும் முதற்பொருள் தொலைவும் நேரமுமே ஆக, உரிப்பொருள் ஊடல் என்று கொள்வதில் தவறில்லை. செடியைச் சுவரலமாரியின் ஒரு தட்டில் வைத்து, மேல்தட்டின் அடிப்பக்கத்தில் இரண்டடிப் பேட்டன் விளக்கைத் திருகிவிடுதல் இவ்வூடலுக்கு அறியப்பட்ட தீர்வு. அலமாரியின் உட்புறம் வெள்ளை வண்ணம் பூசப்பட்டிருந்தால், சிதறியோடும் ஒளியில் ஒரு பகுதி திரும்பியும் வரும்.

எந்தச் செடிக்கு எவ்வளவு என்பது அடுத்த வினா. லூமன் என்பது விளக்கு கொடுக்கும் மொத்த ஒளியின் அலகு. 900 லூமன் தரும் சாதாரண 9 வாட் வெள்ளை பல்பை ஓரடித் தொலைவில் மாட்டினால் இலைமேல் 2000 முதல் 3000 லக்ஸ் வரை, அதாவது 30 முதல் 45 மைக்ரோமோல் வரை எதிர்பார்க்கலாம். மணி பிளான்டுக்கும் ஸ்னேக் பிளான்டுக்கும் உயிர் தாங்க இது போதும். திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் தழைக்கும் என்னும் கோட்பாட்டினரும் இந்த பல்பைக் காசு கொடுத்தே வாங்கலாம். புதினா, கொத்தமல்லி, துளசி ஆகியவை வேறு சாதி. அவற்றுக்கு நாளில் 14 மணி நேரம், 200 மைக்ரோமோல் வீதம் விழ வேண்டும். ஒரு வாட் மின்சாரத்தில் நொடிக்கு 2 மைக்ரோமோல் தரும் நல்ல விளக்கு, ஒளி சிறிதும் சிதறாவிடில், ஒரு சதுர அடிப் பரப்புக்கு இதை 9 வாட்டிலேயே முடித்துவிடும். சிதறல் என்பது உலக இயல்பாதலின் 15 வாட் என்று வைத்துக்கொள்வது விவேகம். இந்தக் கணக்குக்கு உதவும் எண் பெட்டிமேல் இல்லாத விளக்கைவிட, லூமனும் வாட்டும் பிஐஎஸ் பதிவு எண்ணும் தெளிவாக அச்சான சாதாரண வெள்ளை விளக்கே மேல். வாட்டுக்கு 100 லூமனுக்குக் குறையாமல் இருந்தால் நன்று. கறிவேப்பிலை வெயிற்பிள்ளை. அதனை 9 வாட் பல்பின் கீழ் நிறுத்துவது கொடுமை. மொட்டைமாடிச் சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்குத் தத்துக் கொடுத்துவிடலாம்.

நேரம் பற்றிச் சிறிது. செடிக்கு இரவும் வேண்டும். பொழுதின் நீளத்தைக் கொண்டே பல செடிகள் பூக்கும் காலத்தை முடிவு செய்கின்றன என்பதை 1920இல் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்கர் இருவர் நிறுவினர். ஓசூர்ப் பக்கத்துச் செவ்வந்தித் தோட்டங்களில் இரவில் பல்பு வரிசைகள் எரிவது இதன் பயனே. நீண்ட இரவைத் துண்டாடி, செடி முந்திப் பூத்துவிடாமல் வளரவிடுவது அங்கு நோக்கம். ஹாலில் அத்தகைய நோக்கம் எதுவும் இல்லாமையால், ஒரு டைமர் வாங்கி பிளக்கில் செருகிவிடுதல் நலம். டைமர் இல்லாத வீடுகளில் விளக்கைப் போடுபவர் ஒருவராகவும், “ஆளில்லாத இடத்தில் லைட் எதற்கு” என்று அணைப்பவர் வேறொருவராகவும் இருப்பர். பின்னவருக்குச் செடி ஆள் என்னும் கருத்தில் உடன்பாடில்லை.

செலவுக் கணக்கு கீழ்வருமாறு அமையும். 15 வாட் விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால், தமிழ்நாட்டின் இரு மாத மின்கணக்கில் ஏறத்தாழ 12.6 யூனிட் சேரும். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், ஏசி வைத்திருக்கும் வீட்டில் அந்த நூறு முதல் வாரங்களிலேயே கரைந்திருக்கும். விளக்கு, டைமர், தொட்டி, மண், விதை ஆகியவற்றின் விலையும் இதனோடு கூட்டப்படும். மறுதட்டில் வைக்க வேண்டிய வரவு, கொத்தமல்லியின் சந்தை விலை. இங்கேதான் ஆய்வு திணறுகிறது. ஏனெனில் தமிழ்நாட்டின் காய்கறிக் கடைகளில், அரைக் கிலோ தக்காளி வாங்குபவர் பையிலேயே கொத்தமல்லி கறிவேப்பிலையோடு கொசுறாக விழுவது வழக்கம். கொசுறு என்பது விலை கேட்காமல் கிடைப்பதும், கிடைக்காவிட்டால் வேறு கடை பார்க்கச் செய்வதுமான பொருள். விலை சுழியமாக உள்ள ஒன்றை வீட்டில் விளைவித்தால் முதலீடு எத்தனை ஆண்டில் திரும்பும் என்னும் வகுத்தல் கணக்கைக் கணிதம் அனுமதிப்பதில்லை.

அறுவடைக் கட்டத்திலும் ஒரு சிக்கல் பதிவாகியுள்ளது. ரசம் கொதித்துக்கொண்டிருக்கையில், விளக்கின் கீழ் விரல் நீளம் வளர்ந்து நிற்கும் கொத்தமல்லியைக் கிள்ளிவரக் கத்திரிக்கோலோடு அனுப்பப்படும் வீட்டார், இத்தனை பாடுபட்டு முளைத்ததைக் கிள்ள மனம் வராமல் வெறுங்கையோடு திரும்புவதும், பையன் ஒருவன் செருப்பை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்கு ஓடுவதும் நேர்கிறது. கொத்தமல்லி மட்டும் கேட்டால் கடைக்காரர் கொசுறு தரமாட்டார் ஆதலால், கூடவே அவன் வாங்கிவரும் அரைக் கிலோ தக்காளியின் விலையும் விளக்குச் செலவிலேயே எழுதப்பட வேண்டும்.