ஐந்நூற்றொன்றாவது யூனிட்

சிங்கப்பூர்

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

சென்னை நந்தனத்தில் வீட்டுச் செலவு கையை மீறிப் போகிறது, சிக்கனத்துக்குப் பேர்போன ஊரில் இருக்கிற நீ வழி சொல்லு என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஊர்க்காரர்கள் யாரும் சிக்கனக்காரர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். விலைதான் அவர்களை அப்படி வளர்த்திருக்கிறது. இங்கே கார் வாங்க ஆசைப்பட்டால், கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே முதலில் ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023இல் அதன் விலை ஒரு லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டியது. பத்து வருடத்தில் காலாவதியும் ஆகிவிடும். ஆகவே எல்லோரும் ரயிலில் போகிறார்கள். கேட்டால் சுற்றுச்சூழல் என்கிறார்கள். 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது ஐந்து காசு. அன்றுமுதல் கோட்டு போட்ட கனவான்கள்கூட வெங்காயத்தைக் கையில் ஏந்தி நடக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது, தி. நகர் ஜவுளிக்கடைப் பைகளை அலமாரியில் மடித்து வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் 'மீண்டும்' என்றால் என்ன என்று கேட்டிருப்பீர்கள். பை விஷயத்தில் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கனக் குறிப்புகள் என்று பத்திரிகைகளில் வருபவற்றில் பாதி, தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்போடு ஒட்டுகிற ரகம். எந்த ரூபாயை மிச்சம் பிடித்தாலும் பலன் ஒன்றுதான் என்று அவை நினைக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விலை திடீரென்று தாவுகிற இடங்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு அங்கே மட்டும் கண்ணும் கருத்துமாக இருந்தால் போதும். மற்ற இடங்களில் மனுஷராக வாழலாம். மின்சாரத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் முதல் யூனிட்டும் ஆயிரமாவது யூனிட்டும் ஒரே விலை: 2024 தொடக்கத்தில் ஏறக்குறைய 30 காசு, நம் பணத்தில் பதினெட்டு ரூபாய்க்குமேல். தாவல் கிடையாது, தப்பிக்க வழியும் கிடையாது. உங்கள் பில் வேறு ஜாதி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016இல் இலவசமானது. 2022 செப்டம்பர் கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த நூறு யூனிட் 2.25 ரூபாய், அதற்கடுத்த இருநூறு 4.50, கடைசி நூறு 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2.25 சலுகை பறந்துவிடும். 101இலிருந்து 400 வரை எல்லாமே 4.50, ஐந்நூற்றுக்கு மேலே 8 ரூபாய். பில் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதன்பிறகு விகிதங்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. ஆனால் பில்லில் அந்தத் தாவல் அப்படியேதான் இருந்தது.

இதை வைத்துப் பார்த்தால், மாமா அறைக்கு அறை விளக்கை அணைத்துக்கொண்டு பின்னாலேயே வருவதில் சாரம் இல்லை. 9 வாட் எல்.ஈ.டி. பல்பு நூற்றுப் பதினோரு மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். இரண்டு கிலோவாட் கீசர் அதே யூனிட்டை அரை மணியில் தின்றுவிடும். நம் வீடுகளில் நிஜமான கள்ளன் தலைக்குமேல் சுற்றுகிறான். பழைய மின்விசிறிக்கு 75 வாட், பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது வகைக்கு முப்பது போதும். நாலு விசிறி தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 130 யூனிட் மிச்சம். 600 யூனிட் ஓடுகிற வீடு 470க்கு இறங்கும். பில் அதே 2022 கணக்கில் 2,750இலிருந்து 1,545 ஆகும். மிச்சம் 1,205 ரூபாய். ஒரு விசிறி மூவாயிரம், நாலுக்குப் பன்னிரண்டாயிரம், அது எப்போது திரும்பி வரும் என்று மாமா கேட்பார். நியாயமான கேள்வி. மார்கழியில் விசிறியே ஓடாது, வருடத்துக்கு நாலு பில்லில்தான் இந்த லாபம் என்று வைத்தாலும் இரண்டரை வருடத்தில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். அதுவரை பொறுமை இல்லையென்றால் அதிக நேரம் ஓடுகிற விசிறியை முதலில் மாற்றுங்கள். ஏ.சி. 24 டிகிரியில் இருக்கட்டும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியோடு வரும் ஏ.சி.க்கள் தானாகவே அதில்தான் தொடங்குகின்றன. அதைப் பதினெட்டுக்கு இறக்கிவிட்டுப் போர்வை தேடுவது நம் சாமர்த்தியம். சித்திரை வெயிலில் பில் எப்படியும் எண்ணூறு யூனிட்டைத் தாண்டும் என்றால்? தாண்டட்டும். அந்த உயரத்தில் குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் அதே 2022 கணக்கில் பத்து ரூபாய். மாறாக, முந்நூற்றைம்பதில் நிற்கிற வீட்டில் விளக்குக்காகச் சண்டை போடுவது வீண்.

பாலிலும் இதே தாவல்தான். ஆவின் தலைமை அலுவலகம் உங்கள் நந்தனத்திலேயே இருக்கிறது. 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் கடை விலை லிட்டர் 60 ரூபாய் ஆனபோது, மாத அட்டைக்காரர்களுக்கு 46 ரூபாயிலேயே நின்றது. ஒரு லிட்டர் வாங்குகிற வீட்டுக்கு மாதம் 420 ரூபாய் வித்தியாசம். முன்பணம் கட்டிவிட்டு ஊருக்குப் போனால் பால் வீணாகுமே என்பது அட்டை வேண்டாதவர்களின் வாதம். மாதத்தில் ஏழு நாள் பாலை அப்படியே விட்டாலும் கணக்கு சரிக்குச் சரிதான், நஷ்டமில்லை. கடையில் 40 ரூபாய்க்கு நீல பாக்கெட் வாங்கிக் காபியைத் தண்ணீராக்கிக் குடிப்பதைவிட, அட்டையில் ஆறு ரூபாய் கூடப்போட்டுக் கெட்டிப்பால் காபி குடிப்பது மேல். இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அத்தை தனியாகப் போனால் தி. நகர் போய்வர டிக்கெட் செலவே இல்லை. மாமா துணைக்கு வந்தால்தான் ஆட்டோ.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு புத்தி சொல்வது சுலபம், உனக்கென்ன, வெள்ளியில் சம்பாதிக்கிறாய் என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் எல்லாமே இங்கே விலை அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஆயிரம் லிட்டர் குழாய்த் தண்ணீர் 3.24 வெள்ளி, ஜி.எஸ்.டி. தனி. நம் பணத்தில் இருநூற்றுச் சொச்சம், அப்படியே பிடித்துக் குடிக்கலாம். நீங்கள் வாங்கும் குடிதண்ணீர்க் கேன் ஒன்று முப்பது ரூபாய் என்றாலும் அதே தண்ணீருக்கு ஐம்பது கேன், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். குடிதண்ணீரில் நீங்கள்தான் பணக்காரர்கள்.

மாமாவுக்கு ஒரு வேலை. விளக்குகளை விட்டுவிட்டு, மீட்டர் கணக்கெடுத்துப் போன முப்பதாம் நாள் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்