மயில்கழுத்து நிறம்

போன ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள், பாட்டியின் கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். தங்கை மகள் சென்னையில் தனிக்குடித்தனம் போகிறாள். கொள்ளுப்பாட்டி நினைவாக அந்தக் கத்தி தனக்கு வேண்டும் என்றாள். ஆனால் அவள் சமையல்கட்டுக்கு அது நீளம் அதிகம். இரண்டு அங்குலம் குறைத்துக் கொடுத்தால் போதும்.

பட்டறைப் பையன் கத்தியை வைஸில் பிடித்து ஆங்கிள் கிரைண்டரைப் போட்டான். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பூவாணம் கொளுத்தியதுபோல் பொறி பறந்தது. பழைய முனை கீழே விழுந்தது. புது முனையைக் கூராக இழைத்து, "இந்தாங்க சார்" என்று நீட்டினான். முனையிலிருந்து ஒரு விரற்கடை அகலத்துக்கு மயில்கழுத்து நீலம் ஏறியிருந்தது. அதன் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம், அதற்கும் அப்பால் வைக்கோல் மஞ்சள். "டிசைன் மாதிரி நல்லாயிருக்கு சார்" என்றான். பையன் மனசில் கள்ளமில்லை. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த நீலம் என்னவென்று எனக்கு எட்டு வயதிலேயே ஒருவர் காட்டிவிட்டார்.

எழுபதுகளில் எங்கள் ஊர் திருத்தணியில், மலையடிவாரத்தில், படி ஏறுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாட்டி அர்ச்சனைச் சாமான் கடை வைத்திருந்தாள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, கற்பூரம். தாரிலிருந்து சீப்பு அறுக்கவும், கயிறு வெட்டவும், எலுமிச்சம்பழம் நறுக்கவும் அந்த ஒரே கத்திதான். லாரிப் பட்டையை ஆசாரி காய்ச்சி அடித்துக் கொடுத்தது. ஒரு நாள் பாட்டி கற்பூரம் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அதன் முனையைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் விட்டு நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். முனை சிரட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. பாட்டி அடிக்கவில்லை. "சாணைக்காரர் வரட்டும்" என்றாள், அவ்வளவுதான். அவர் வரும்வரை இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் எல்லைக்கு அப்பால், ஆந்திராவின் நகரிப் பக்கத்திலிருந்து வருவார். திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தது. அதற்காக ம.பொ.சி. முன்நின்று நடத்திய போராட்டத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். சாணைக்காரருக்கு அந்த எல்லையால் ஒரு குறையும் வரவில்லை. கத்திக்குத் தெலுங்கிலும் கத்திதான். சாணையை அவர் 'சான' என்பார். சந்தனம் இழைக்கிற கல்லுக்கும் அவர்கள் பாஷையில் அதே பெயர். தோளில் மரச்சட்டம், அதில் மிதிப்பலகையோடு ஒரு சக்கரம். அவர் அப்பா காலத்தில் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்து வார்த்த சக்கரமாம். அந்தக் குருந்தம்தான் ஆங்கிலத்துக்குப் போய் கொரண்டம் ஆனது என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அவரிடம் இருந்தது கடையில் வாங்கிய கார்போரண்டம் சக்கரம்.

கத்தியை வாங்கியதும் அவர் சக்கரத்தை மிதிக்கவில்லை. ஓர் ஆணியால் அலகின்மேல் கோடு கிழித்தார். கூர்ப்பக்கத்தில் தொடங்கவில்லை, முதுகில் தொடங்கிச் சரிவாக இறங்கிக் கூரைத் தொடுகிற கோடு. "கூரு பக்கம் தொடக்கூடாது அம்மா. முதுகைத் தேய்ச்சு முனையைக் கீழே கொண்டாரணும்" என்று பாட்டியிடம் சொன்னார். உடைந்த கத்தியைக் குறைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தெரியாது. ஆசாரி ஏற்றிக்கொடுத்த கூர் அப்படியே நிற்கும், தடித்த முதுகுதான் தேயும். தடித்த இரும்பு சூட்டைத் தாங்கி உள்ளே பரப்பிவிடும். மெல்லிய கூருக்கு அது முடியாது, நொடியில் சூடேறிவிடும்.

பிறகுதான் மிதித்தார். அலகை மூன்றே இழுப்பு இழுப்பார், உடனே தகர டப்பாத் தண்ணீரில் தோய்ப்பார். மறுபடி மூன்று இழுப்பு. இடது கைச் சுட்டுவிரல் எப்போதும் அலகின்மேல், கல் படுகிற இடத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும். விரல் தாங்காத சூடு கத்தியும் தாங்காது என்பது அவர் கணக்கு. தோய்த்து எடுத்த அலகில் நிற்கிற நீர்முத்து காய்வதற்குள் அடுத்த தோய்ப்பு. நடுவில் ஒருமுறை நிறுத்திக் கரடுமுரடான கல்துண்டால் சக்கரத்தின் முகத்தைக் கொத்திவிட்டார். கல்லின் கண் அடைந்துவிட்டால் அது இரும்பை அறுக்காது, வெறுமனே உரசும், உரசினால் சூடு. நான் பொறுக்கமாட்டாமல் கிட்டே கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். "தொந்தர வத்து பாபு" என்றார். தொந்தரவு பண்ணாதே என்கிறார் என்று நினைத்து நான் ஒதுங்கி நின்றேன். பாட்டிதான் சிரித்துக்கொண்டே, "அவசரப்படாதேன்னு சொல்றாருடா" என்றாள்.

வேலை முடிந்ததும் என் பயம் தெளியட்டும் என்றோ என்னவோ, சிரட்டைக்குள் உடைந்த துண்டை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர் காட்டாமல் கல்லில் வைத்து மிதித்தார். வெள்ளை இரும்பு மஞ்சளாச்சு, பழுப்பாச்சு, கத்தரிப்பூவாச்சு, கடைசியில் மயில்கழுத்து. "இது வந்தா கத்தி செத்துச்சு" என்றார். அரத்தை எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்துக் காட்டினார். நீலம் ஏறாத பக்கத்தில் அரம் வழுக்கிக்கொண்டு போனது. நீலம் ஏறிய பக்கத்தில் கடித்தது.

அதன் காரணத்தைப் பாலிடெக்னிக் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். ஆசாரி அலகைச் செக்கச் சிவக்க, சுமார் 800 டிகிரி வரை காய்ச்சிச் சட்டென்று தோய்க்கும்போது இரும்புக்குள் கரைந்திருந்த கரி வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. அந்த நெருக்கடிதான் கடினம். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால், 200 டிகிரிக்குச் சற்று மேலே மறுபடி லேசாகக் காய்ச்சிப் பதம் கொடுக்கிறார்கள். வைக்கோல் மஞ்சள் தெரிவது 220, 230 டிகிரியில். 300 டிகிரியை நெருங்கினால் நீலம். அதற்குள் உள்ளிருந்த கரி பிரிந்து வந்துவிடும், இரும்பு இளகிவிடும். சுருள்வில்லுக்கு அந்தப் பதம் நல்லது, கத்தியின் கூருக்கு ஆகாது. பலர் நீலத்தைக் கண்டதும் பதறிப்போய்த் தண்ணீரில் முக்குகிறார்கள். அதனால் சூடு தணியுமே தவிர, போன பதம் திரும்பாது. எவர்சில்வர் கத்தியில் இன்னொரு ஆபத்து. அது இந்தச் சூட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் நிறம் மாறிக் காட்டாது. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், பதம் போனது தக்காளி நறுக்கும்போதுதான் தெரியும்.

ஆங்கிள் கிரைண்டர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றுகிறது. கேட்டுக் கம்பி அறுப்பதற்கு அதைப்போல் உபகாரம் வேறில்லை. கோபம் தணிந்து முருகன் வந்து அமர்ந்ததால் தணிகை என்று பெயர் பெற்ற ஊரில், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் கத்தியை இழைத்தார்களே என்பதுதான் என் ஆற்றாமை. மெஷின்மேல் எனக்குக் கோபமில்லை. அதே மெஷினை வைத்துக்கொண்டும், தொட்டுத் தொட்டு எடுத்து நனைத்தால் பதம் காப்பாற்றலாம். கூடப் பத்து நிமிஷம் ஆகும்.

பழையதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவரவில்லை. மொட்டை போடும் இடத்தில் அந்த நாளில் மடக்குக் கத்திதான். அதைச் சக்கரத்தில் காட்டவே மாட்டார்கள். கல்லில் எண்ணெயிட்டுத் தீட்டித் தோல்வாரில் இழுப்பார்கள். அந்தக் கைநேர்த்தி அழகு. ஆனால் அதே கத்தி அடுத்த தலைக்கும் போகும். இன்று ஒரு தலைக்கு ஒரு பிளேடு. 2021 முதல் அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமும் இல்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்க்கு இதுதான் சரி.

பாட்டியின் கத்திக்கு வருகிறேன். நீலம் ஏறிய பகுதியை மறுபடி காய்ச்சிப் பதம் வைக்கலாம். அதற்குப் பிடியைக் கழற்றி முழு அலகையும் உலையில் போடவேண்டும், பாட்டியின் கை வழவழப்பாக்கிய பிடி அது. மனம் வரவில்லை. வீட்டுக் கிணற்றடியில் சாணைக்கல்லை நனைத்து வைத்துக்கொண்டு, முதுகிலிருந்து சரிவாகக் கையாலேயே இழைத்தேன். மூன்று சாயங்காலம். கல்லிலிருந்து கரிய சேறு வழிந்துகொண்டே இருந்தது. முதல் நாள் நீலம் மெலிந்தது, இரண்டாம் நாள் கத்தரிப்பூ போனது. மூன்றாம் நாள் கூரில் மஞ்சளும் மறைந்த பிறகு அரத்தை வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. கத்தி நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடவே குறைந்துபோனது. சமையல் மேடைக்கு அது இன்னும் வசதி என்று தங்கை மகள் சொல்லிவிட்டாள்.

எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பார்த்துத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். முதுகோரத்தில் கடுகளவு நீலம் இன்னும் இருக்கிறது. வெட்டுகிற இடம் அதுவல்ல என்பதால் விட்டுவிட்டேன்.