எலி மேல் பழி

கொறித்துப் பிழைக்கும் பிராணிகளில் புகழோடு விளங்கும் பாக்கியம் இரண்டுக்குத்தான் வாய்த்திருக்கிறது. ஒன்று, சேதுபந்தனத்துக்கு மணல் சுமந்து, ராமபிரான் கையால் முதுகைத் தடவிக்கொடுக்கப் பெற்ற நமது அணில். மற்றொன்று, மேல்நாட்டு ஓடைக்கரைகளில் மரத்தைக் கடித்து வீழ்த்தி அணை கட்டும் பீவர். இரண்டுமே கட்டுமான வேலையில் ஈடுபட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு கொறித்தாலும் குற்றமில்லை, கடைசியில் எதையாவது கட்டிக் காட்டிவிட்டால் போதும் என்பது உலகத்தின் நியாயம் போலும். கனடா தேசத்தார் 1937-ஆம் ஆண்டு முதல் தங்கள் ஐந்து சென்ட் நாணயத்தில் பீவரின் உருவத்தைப் பொறித்து, அதுவும் போதாதென்று 1975-இல் சட்டமே இயற்றி அதைத் தேசத்தின் சின்னமாக்கிவிட்டார்கள். காரைக்கால் வட்டாரத்து வயலெலிக்கு அப்படி எந்த மரியாதையும் கிடையாது. விநாயகரைச் சுமக்கும் உத்தியோகம் அதன் குலத்துக்கு உண்டென்பது மெய்தான். ஆனால் அந்தச் செல்வாக்கு கோயில் மதிலோடு நின்றுவிடுகிறதே தவிர, வரப்புக்கு வந்தால் செல்லுபடியாவதில்லை.

பீவரைப் பற்றி எனக்கு ஞானம் உண்டானது என் அக்காள் மகன் மூலமாக. தெருவுக்கு நாலு பேராவது பிரான்ஸில் குடியிருக்கும் ஊர் எங்களுடையது. அந்த நாலு பேரில் ஒருவனாகிய அவன், ரோன் நதியில் போய்க் கலக்கும் ஓர் ஓடையின் ஓரமாகச் சிறு தோட்டம் ஒன்று வாங்கியிருக்கிறான். ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "ராத்திரியோடு ராத்திரியா என் ஆப்பிள் மரத்தைச் சாய்ச்சிட்டுது மாமா" என்றான். இழவு சொல்லுகிறவனின் குரல் அது.

இருபது கிலோ எடைக்கு வளரக்கூடிய அந்தப் பிராணியின் முன்பற்களில் இரும்புச் சத்து ஏறி அவை ஆரஞ்சு நிறமாக இருக்குமென்றும், தேயத் தேய வளருமென்றும், அடிமரத்தைச் சுற்றிச் சுற்றிக் கடித்துச் சீவிய பென்சில் முனை மாதிரி ஆக்கி மரத்தைத் தள்ளுமென்றும், பட்டையையும் கிளைநுனியையும் தின்றுவிட்டு மிச்சத்தைச் சேற்றோடு சேர்த்து ஓடைக்குக் குறுக்கே அடுக்குமென்றும் அவன் விவரித்தான். வீட்டு வாசல் எப்போதும் தண்ணீருக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பிரயாசையாம்.

"நீ சும்மா பார்த்துக்கொண்டா இருந்தாய்?" என்று கேட்டேன்.

"1968-லேர்ந்து சட்டம் இருக்கு மாமா. அதைத் தொட்டா என் மேலதான் கேஸு. மரத்தைச் சுத்திக் கம்பி வலை கட்டிக்கோன்னு சொல்றாங்க."

திருடனைப் பிடிக்கலாகாது, பெட்டியைப் பூட்டிக்கொள்ளலாம் என்பது பிரெஞ்சு நீதி. அந்த நீதியின் கீழ் எங்கள் முன்னோர் இருநூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள் என்பதால் எனக்கு அது அவ்வளவாக ஆச்சரியமளிக்கவில்லை.

பீவருக்கும் காரைக்காலுக்கும் சரித்திரத்தில் ஒரு சம்பந்தம் இருப்பது இதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. 1739-இல் எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் வசமானபோது கனடாவும் அவர்களிடந்தான் இருந்தது. ஐரோப்பிய கனவான்களின் தொப்பிக்காகப் பீவர்த் தோலை மூட்டை மூட்டையாக அங்கிருந்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். 1760-இல் ஆங்கிலேயர் ஒரே வருஷத்தில் மான்ட்ரியலையும் பிடித்தார்கள், காரைக்காலையும் பிடித்தார்கள். 1763-இல் பாரீஸ் நகரத்தில் உடன்படிக்கை எழுதியபோது பிரெஞ்சு மகாராஜா கனடாவைக் கைகழுவிவிட்டுக் காரைக்காலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பீவர் தேசத்தைக் கொடுத்து எலி தேசத்தை வாங்கிய இந்தப் பண்டமாற்றில் லாபம் யாருக்கென்று அவருடைய மந்திரிகள் கணக்குப் பார்த்தார்களோ என்னவோ, 1954 நவம்பர் முதல் தேதி அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது எலிகளை எங்களிடமே விட்டுச் சென்றார்கள்.

எங்கள் எலியும் மரம் வெட்டுகிற ஜாதிதான். அதன் உயரத்துக்கு நெற்பயிர்தான் மரம். சம்பா பொதி கட்டுகிற சமயத்தில் விடியற்காலையில் நாட்டாற்றங்கரைப் பக்கம் போய் நின்று பார்த்தால், நான்கு ஓரமும் பச்சைப் பசேலென்று செழித்திருக்கும் வயல் ஒன்றும் ஆகாதது போலவே தோற்றமளிக்கும். உள்ளே இறங்கி நடந்தால்தான் நடுவில் பாய் விரிக்கும் அளவுக்கு மொட்டையாகியிருப்பது தெரியவரும். ஒவ்வொரு தூரும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அரிவாளால் சாய்த்து வெட்டினாற்போல ஒரே கோணத்தில் நறுக்கப்பட்டிருக்கும். வெட்டுவாய் இன்னும் ஈரமாக, விரலில் பால் ஒட்டும். வெட்டிய தண்டில் உள்ளிருக்கும் இளங்கதிரை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மற்றதைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கும். பத்துத் தூர் வெட்டினால் ஒரு தூர் வயிற்றுக்கு, ஒன்பது தூர் பல்லின் தேய்மானத்துக்கு என்பது அதன் வரவுசெலவுத் திட்டம். கதிர் முற்றிய பிறகோ, தின்றது போக அறுத்ததையெல்லாம் வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சேமித்து வைக்கும். நிலச்சொந்தக்காரன் வீட்டுக் குதிர் காலியாயிருக்கும் வருஷத்திலும் அதன் குதிர் நிறைந்திருக்கும்.

இதற்குப் பரிகாரங்கள் இல்லாமலில்லை. மூங்கில் பத்தையை வில்லாக வளைத்து நாண் பூட்டிய தஞ்சாவூர்க் கிட்டியை அந்தி வேளையில் நட்டுவிட்டுப் போய், விடிந்ததும் வந்து எண்ணிக் கூலி வாங்குகிற நிபுணர்கள் இருக்கிறார்கள். கூகை வந்து உட்கார்வதற்காகத் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. வாசலில் அலறினால் அபசகுனம் என்று விரட்டப்படும் அந்தப் பறவைக்கு வயலில் மட்டும் ஆசனம் போட்டு உபசாரம் செய்கிறோம். விஷம் வைப்பதில்தான் சங்கடம். துத்தநாகப் பாஸ்பைடை எடுத்த எடுப்பில் கலந்து வைத்தால் எலி ஒரு வாய் ருசி பார்த்துச் சந்தேகப்பட்டுவிடும் என்பதால், முதல் சில நாட்களுக்கு விஷமே இல்லாத நல்ல பொரியை எண்ணெயில் பிசறி வைத்து நம்பிக்கையை வளர்க்க வேண்டும். சம்பந்தி வீட்டாரைக்கூட நான் அவ்வளவு சிரத்தையாக விருந்துக்கு அழைத்ததில்லை. விருந்துண்ட எலிகள், விஷம் கலக்க வேண்டிய நாளன்று மழை பிடித்துக்கொண்டதால், வந்த உறவுமுறையாரைப் போலச் சாப்பிட்ட திருப்தியோடு அடுத்த வயலுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆயினும் எலி செய்கிற காரியங்களில் எங்கள் பக்கத்து விவசாயிகள் அதிகமாகப் பேசுவது பயிரை வெட்டுவதைப் பற்றியல்ல. வரப்பைத் துளைப்பதைப் பற்றி. பீவர் ஓடும் நீரை நிறுத்துவது. எலியோ நின்ற நீரை ஓடவிடுவது. வரப்பின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவரும் ஒரு வளை போதும், முழங்கால் மட்டும் கட்டிவைத்த தண்ணீர் பொழுது விடிவதற்குள் அடுத்த வயலுக்குக் குடிபோய்விடும். என் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் இடையேயுள்ள வரப்பில் இப்படி அடிக்கடி நேர்கிறது. நான் கண்டறிந்த ஒரு விசேஷம் என்னவென்றால், வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக வரும் வாரங்களில் எங்கள் எலிகள் வரப்பைத் தொடுவதேயில்லை. முறைத் தண்ணீர் சுருங்கி நாங்கள் இருவரும் மடைக்குக் காவல் இருக்கும் வாரங்களில்தான் அவற்றுக்குத் துளைக்கும் உற்சாகம் பிறக்கிறது. மேலும், எலி வளையென்றால் கைப்பிடி அகலத்தில் வட்டமாக இருப்பதுதான் வழக்கம். எங்கள் வரப்பில் விழுவது சதுரமாக, மண்வெட்டியின் அகலத்துக்குச் சரியாக, தோண்டிய மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்த ஒழுங்கோடு காணப்படும்.

"எலி போட்ட ஓட்டை, அண்ணே," என்பார் பக்கத்து வயல்காரர். "சனியன், ராத்திரியெல்லாம் தூங்க விடுதா பாருங்க." திருநள்ளாற்றைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு எலியைச் சனியன் என்று திட்டுவது எனக்குச் சற்று அதிகமாகப்பட்டது, ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை. சென்ற ஆடியில் அவர் வயலிலிருந்து என் வயலுக்குத் தண்ணீர் வந்தபோது எலியின் பெயரை முதலில் சொன்னவன் நான்தான். வரப்பை ஒடுக்கமாக வைத்தால் எலி வளை போடாது என்று வேளாண்மைத் துறையார் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகச் செதுக்கி அந்த வரப்பையும் எலி தலை நீட்டி உறங்க முடியாத அகலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இந்தப் பக்கத்து வயல்காரரிடந்தான் ஒரு நாள் பீவரின் மகிமையை எடுத்துச் சொன்னேன். காவிரியின் வாலைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழும் கடைமடைக்காரர்கள் நாங்கள். மேட்டூரில் 1934-இல் முடித்த அணையிலிருந்து ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தார்களா என்று பத்திரிகையைப் பார்த்துவிட்டுத்தான் நாற்றங்காலைப் பார்ப்போம். புதுச்சேரி மாநிலத்துக்கென்று நடுவர் மன்றம் 2007-இல் ஒதுக்கிய 7 டி.எம்.சி.யில்தான் எங்கள் பங்கும் அடக்கம். ஆகவே, எவருடைய அனுமதியுமின்றி, எந்த மன்றத்துக்கும் கட்டுப்படாமல், ஒரே இரவில் அணைக்கு அஸ்திவாரம் போடும் ஜந்து ஒன்று உண்டென்று கேட்டதும் மனிதர் திகைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக யோசித்தார்.

"அது நல்ல ஜந்துதான் அண்ணே," என்றார். "ஒரு ஜோடி கொண்டாரச் சொல்லுங்க உங்க மருமவனை. ஆனா அது அணை கட்டறது என் மடைக்குக் கீழயா, மேலயா? அதை மட்டும் இப்பவே பேசி முடிச்சிடணும்."