கூடாரத்தில் ஒரு கணக்குப் புலி

1517-ல் மார்ட்டின் லூத்தர் திருச்சபையோடு வாதாட 95 கருத்துகளை எழுதி, விட்டன்பர்க் கோயில் கதவில் ஆணியடித்து மாட்டினாராம். மாட்டினாரா, தபாலில் அனுப்பினாரா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். சிவகாசியில் அடித்த நோட்டீஸாக இருந்தால் கீழே அச்சகத்தின் பெயராவது இருந்திருக்கும்.

லூத்தர் மூட்டிய சண்டை 1706-ல் சீகன்பால்கு என்ற மிஷனரி உருவத்தில் தரங்கம்பாடியில் கரையேறியது. அனுப்பியவர் டென்மார்க் ராஜா. 1708-ல் பிடித்துச் சிறையில் போட்டவர் அங்கிருந்த டேனிஷ் கமாண்டர். அரசாங்கம் என்றால் அப்படித்தான். வெளியே வந்தவர் அச்சு இயந்திரம் வரவழைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அடித்துமுடித்தார்.

அங்கிருந்து நம்ம ஆலங்குளம், சிவகாசிக் கரிசலுக்கு ஆள் வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1854-ல் வந்தவர் தாமஸ் ராக்லாந்து. கேம்பிரிட்ஜ் கணக்குப் பரீட்சையில் நாலாவது ராங்க். மெட்ராஸில் சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் செயலாளர் நாற்காலி. அதையெல்லாம் உதறிவிட்டு, ஃபென், மெடோஸ் என்று இரண்டு துரைமாரைச் சேர்த்துக்கொண்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். வரி வசூலிக்க வந்த துரை என்றுதான் சம்சாரிகள் முதலில் பதறியிருப்பார்கள். துணைக்கு உபதேசியார்களை முறைவைத்து அனுப்பியவை ஏற்கெனவே இருந்த தெற்கத்திச் சபைகள், அதுவும் தங்கள் காணிக்கைக் காசில். பனையேறிச் சேர்த்த காசில் கேம்பிரிட்ஜ்காரருக்கு ஒத்தாசை! ஆனாலும் மனம் மாறியவர்களை எண்ண, ஆரம்ப வருஷங்களில், கணக்குப் புலி தேவைப்படவில்லை.

தெற்கே பனையேறும் நாடார்கள் கூட்டங்கூட்டமாகச் சபையில் சேர்ந்தார்கள். அங்கே தலைவலி வேறு மாதிரி. வேதத்தை நீயே வாசி என்று எழுத்தறிவித்தால், வாசித்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? நாடார்களை மட்டம்தட்டி 1849-ல் மிஷனரி கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். அதைப் படித்துக் கொதித்தவர்களில் ஒருவரான சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம், 1857-ல் தனிச்சபையே கண்டுவிட்டார். ஓய்வுநாள் சனிக்கிழமை, துரைகளுக்கு உள்ளே வேலையில்லை. லூத்தர் கேள்விப்பட்டிருந்தால் தோளில் தட்டியிருப்பார். கால்டுவெல் தட்டவில்லை.

இங்கே கரிசலில், ராக்லாந்து 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் இறந்தார். வயது 43. மற்றவர்கள் வேலையைத் தொடர, பக்கத்துச் சாட்சியாபுரத்தில் பள்ளிக்கூடம் வந்தது. ஞானஸ்நானம் வேண்டாம் என்றவர்களும் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள்.